செக்ரோலில் விழுந்த ஓட்டைகள்

போன மாதம் கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் முப்பத்தைந்து வருடம் நாற்காலி தேய்த்த அதே தோட்டத்து ஆபீசில் இப்போது அவள்தான் கிராணி. கிராணி என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது; நிர்வாக உதவியாளர் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறேன். பேர் விஷயத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அங்கிள், ஸ்டோர காலி பண்றோம். ஒங்க காலத்து செக்ரோல் ஒன்னு கெடச்சிருக்கு. கையெழுத்து எவ்ளோ அழகு லா! ஆனா மூணு நாலு பக்கம் பூரா ஓட்டையா இருக்கு. கரையானா அங்கிள்?"

கரையான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பதில் என்னிடம் நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தயாராக இருந்தது. என்னுடைய பெரிய கிராணி சொல்லிக் கொடுத்த பதில் அது. யாரும் கேட்காததால் பயன்படுத்தச் சந்தர்ப்பம் வரவில்லை. கடைசியில் ஒருத்தி கேட்கும்போது, என்ன காரணமோ, வாய் வேறு மாதிரிப் பேசிவிட்டது.

"கரையான் இல்லம்மா. நான்தான்."

அவள் சிரித்தாள். பிறகு வந்த வேலையைச் சொன்னாள். தீபாவளி விருந்துக்குப் பழைய ஆட்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றுகிறாளாம். அதில் புதிதாக ஒரு கட்டம் வந்திருக்கிறதாம். ஒருவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அவரையே கேட்டு அதில் நிரப்ப வேண்டும். ஆபீஸ்காரர்கள் தாங்களாக எதையும் போடக் கூடாது.

"ஒங்களுக்கு என்ன போட, அங்கிள்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. ஒரு வரியில் சொல்ல வேண்டிய பதிலைப் பல பக்கத்துக்கு இழுப்பது எங்கள் காலத்துக் கிராணிகளின் வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை லாலாங் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் நான் சின்ன கிராணியாகச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான சீனியரில் இரண்டு முறை தோற்றவன் நான். விண்ணப்பத்தில் 'சீனியர் வரை படித்தவன்' என்று எழுதினேன். பொய் இல்லை, ஆனால் அதைவிட அழகாக யாரும் என்னை வர்ணித்ததும் இல்லை. வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, ஒரு சைக்கிள். பெரட்டுக்களத்தில், அதாவது அதிகாலையில் ஆட்கள் வரிசையாக நின்று பேர் கொடுக்கும் இடத்தில், நான் வந்து இறங்கும்போது என் மணிச் சத்தம் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை அடிப்பேன். முதல் மூன்று மாதம் கோடு போட்டேன். அடுத்த மூன்று மாதம் கோட்டுக்கு மேல் எழுதினேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

பெரிய கிராணி அருளானந்தம் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதிகக் கோபம் என்றால் இரண்டாவது தடவை துடைப்பார். சட்டைப் பையில் ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். கணக்குப் பிழைக்குச் சிவப்பு. நீலம் வேறு வேலைக்கு. தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையின் கண்ணில் படக்கூடாத சொல் எதுவாக இருந்தாலும் நீலத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். திட்டமாட்டார், விளக்கம் சொல்லமாட்டார். கோடு விழுந்தால் அந்தச் சொல் செத்தது.

நான் சேர்ந்த வருடம் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் ஒரு மனு எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். குழாயில் தண்ணீர் சேறாக வருகிறது, பிள்ளைகளுக்கு உடம்புக்கு ஆகவில்லை. வந்தவர்களில் முனுசாமி என்பவர்தான் பேசினார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, நிதானமான மனிதர்.

"தண்ணியாய்யா அது? புள்ளைங்களுக்கு வயித்தால போவுது. பங்களா நாய்க்கு இத ஊத்துவீங்களான்னு தொரைகிட்ட கேட்டு எழுதுங்க."

நான் புது ஆள். அவர் சொன்னதைச் சொன்னபடி, நாய் உட்பட, ஆங்கிலத்தில் எழுதி அருளானந்தம் ஐயாவிடம் நீட்டினேன். நீல முனை வேலை செய்தது. முதலில் நாய் போயிற்று. பிறகு வயிற்றுப்போக்கு, பிறகு பிள்ளைகள். சேறு 'நிறத்தில் சிறு மாற்றம்' ஆயிற்று. கடைசியில் மிஞ்சியது ஒரு வரி: குழாய் நீரின் நிறத்தைத் துரையவர்கள் தமக்கு வசதிப்பட்ட நேரத்தில் பார்வையிட வேண்டுகிறோம்.

"எழுத்துல அழுக வரக்கூடாது, தம்பி. அழுக வந்தா தொரை படிக்கமாட்டாரு."

துரைக்கு வசதிப்பட இரண்டு மாதம் ஆனது. அதுவரை பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. இவ்வளவு பெரிய கூச்சலை ஒரு வரியில் அடக்கிவிட்டாரே என்று அவருடைய திறமையில் மயங்கி நின்றேன். ஒரு வருடத்திற்குள் அந்த வித்தை எனக்கும் கைவந்துவிட்டது. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கன்னத்தில் அறைந்தார் என்று ஒருவர் வந்து சொன்னால், 'இருவருக்கும் இடையே சிறு கருத்து வேற்றுமை' என்று நானே எழுதுவேன். ஐயா நீல முனையைத் தொடாமல் கையெழுத்துப் போடுவார். அந்த நாட்களில் எனக்கு இரவில் நல்ல தூக்கம் வந்தது.

இனி செக்ரோல். தோட்டத்து ஆட்களின் பேரும் வருகையும் உள்ள பெரிய பேரேடு அது. தோட்டத்தில் எல்லாமே அதிலிருந்துதான் புறப்படும். அரிசிப் பட்டியல், லயத்து வீட்டுப் பட்டியல், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் பால் வாங்கும் பிள்ளைகளின் பட்டியல், எல்லாம் அதைப் பார்த்து எழுதுவதுதான். அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே பேரில் பலர். எங்கள் தோட்டத்தில் முனுசாமிகள் ஒன்பது பேர், லெட்சுமிகள் பதினொரு பேர். முன்பெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தார்கள். ஒருவர் செத்தாலோ மாறிப்போனாலோ எண்கள் குழம்பின. ஆகையால் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் அடையாளம் எழுதும் வழக்கம் வந்தது. அதை எழுதுவது சின்ன கிராணியின் வேலை. ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. பார்த்ததும் தோன்றுவதை எழுதலாம்.

இப்படி ஓர் அதிகாரம் பத்தொன்பது வயதுக்காரன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? நான் கவிஞனாகிவிட்டேன். முனுசாமி (அம்மைத் தழும்பு). முனுசாமி (நெட்டைக்கொக்கு). அஞ்சலை (கத்தல்). லெட்சுமி (குள்ளச்சி). லெட்சுமி (மூணு பல்லு). செக்ரோலை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அடைப்புக்குறிக்குள் மட்டும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவேன். துரைக்குப் புரியாது, எனக்குச் சிரிப்பு. பெரட்டில் அடைப்புக்குறியோடு சேர்த்துச் சத்தமாகப் படிப்பேன். கூப்பிடப்பட்டவர் "வந்தேன்" என்று பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிரிப்பார்கள். என் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் முழுமனதாக நம்பினேன்.

பதினோராவது லெட்சுமி வந்தது அப்போதுதான். குலிம் பக்கம் கரங்கானில் ஒரு தோட்டத்திலிருந்து மூன்று நான்கு வயதுப் பெண் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். எங்கள் தோட்டத்தில் அவளுக்கு ஒரு சித்தி இருந்தார். புருஷனின் அடி தாங்காமல் வந்துவிட்டாள் என்று சித்தி சொன்னார். "புருசன விட்டுட்டு ஓடியாந்தவளாம்" என்று மண்டோர் சொன்னார். நான் இரண்டையும் கேட்டேன். மண்டோர் சொன்னது அடைப்புக்குறிக்குள் கச்சிதமாக அடங்கியது. லெட்சுமி (ஓடிவந்தவள்) என்று எழுதி, மை காய ஒற்றுத்தாள் வைத்தேன்.

மறுநாள் பெரட்டில் படித்தேன். சிரிப்பு வந்தது. பதில் வரவில்லை.

இன்னொரு முறை படித்தேன். அவள் மூன்றாவது வரிசையில், விளக்கு வெளிச்சத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தலையில் துணி கட்டி, கையில் வெட்டுக்கத்தி பிடித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னத்தான் கூப்புடுறேன். காது கேக்கலியா?"

"எம் பேரு லெட்சுமிங்க. அதச் சொல்லுங்க, வந்தேன்னு சொல்றேன்."

"லெட்சுமின்னா பதினொரு பேரு இருக்கு."

"அப்ப வேற ஏதாச்சும் சொல்லுங்க. அது வேணாம்."

செக்ரோலில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பது விதி. அடித்தால் பக்கத்தில் துரை கையெழுத்திட வேண்டும். அதற்குத் துரையிடம் போய், நான் எழுதியது இன்னது, அதன் அர்த்தம் இன்னது என்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. கண் முன்னால் நிற்கிற ஒருத்தியை வரவில்லை என்று எழுதும் தைரியம் மட்டும் இருந்தது. எழுதினேன். அன்று பால் வெட்ட அவளுக்கு மரம் கொடுக்கப்படவில்லை. எல்லோரும் வெட்டுக்குப் போக, அவள் மட்டும் லயத்துக்குத் திரும்பிப் போனாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும். நான்கு நாள் தொடர்ந்து வராதவரின் பேரை எடுத்துவிட வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. பேர் போனால் லயத்து வீடு போகும். வீடு போனால் அவள் எங்கே போவாள் என்பது எனக்குத் தெரியும். கரங்கானுக்குத்தான், அந்தப் புருஷனிடம்தான். அருளானந்தம் ஐயாவிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"எழுதுனது எழுதுனதுதான், தம்பி. அவங்களே பழகிக்குவாங்க."

நான்காம் நாள் காலை அவள் "வந்தேன்" என்றாள். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அன்று சைக்கிள் மணியை மூன்று தடவை அடித்தேன். இதை எழுதும்போது என் காதையே பிடித்துத் திருக வேண்டும்போல் இருக்கிறது.

சில வாரம் கழித்து ஆயாக்கொட்டகைக்குப் பால் பட்டியலைச் சரிபார்க்கப் போனேன். அந்தப் பட்டியலும் என் செக்ரோலைப் பார்த்து எழுதியதுதானே. ஆயா ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு டம்ளர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பேர் என்ன என்று கேட்டேன்.

"ஓடியாந்தவ மவ," என்றாள். ஆயா அப்படித்தான் தினமும் கூப்பிட்டிருக்கிறார். அவளுடைய சொந்தப் பேர் அவளுக்கு நினைவுக்கு வர வெகுநேரம் ஆனது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சர்க்கார் சண்டை போட்ட அவசரகாலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் காவல். எல்லோருக்கும் அடையாளக் கார்டு போடுவதற்குச் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஆட்கள் வரப்போவதாக உத்தரவு வந்தது. கார்டு இல்லாதவர் இனி வாசலைத் தாண்ட முடியாது. பேர்ப்பட்டியலை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அச்சடித்த படிவத்தில் 'பெயர்' என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் 'வேறு பெயர் இருந்தால்' என்று இன்னொரு கட்டம். வெறுமையாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் நிரப்பாமல் இருக்க என்னால் முடியாது. அடைப்புக்குறிக்குள் இருந்ததையெல்லாம் அந்தக் கட்டத்தில் அழகாக எழுதி அனுப்பிவைத்தேன். வேறு தோட்டத்துக் கிராணிகள் அதைக் காலியாக விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்கள் என் அளவுக்குச் சிரத்தையானவர்கள் இல்லை.

பதிவு நாளன்று ஆபீசுக்கு முன்னால் மேசை போட்டார்கள். மலாய்க்காரக் குமாஸ்தா ஒருவர் பட்டியலோடு உட்கார்ந்தார். பக்கத்தில் கேமரா, மை டப்பா, துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர். துரை கொஞ்சம் தள்ளி நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் அருளானந்தம் ஐயா. மொழிபெயர்ப்பது என் வேலை. நான் இல்லாமல் இந்த ஜனம் எப்படித்தான் பேசும் என்ற எண்ணத்தோடு காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

வரிசையில் முதல் சில பேருக்கு வேறு பெயர் இல்லை. அடுத்து லெட்சுமி. குழந்தை இடுப்பில் இருந்தது. குமாஸ்தா பட்டியலைப் பார்த்து எழுத்துக் கூட்டினார்.

"லெட்சுமி… ஓடிவந்தாவால். இத்து அப்பா, கிராணி?" அது என்ன என்று கேட்டார்.

சீனியர் வரை படித்தவனிடம் மலாய் கிடையாது. பாசாரில் மீன் வாங்கும் அளவுகூட கிடையாது. தேடிப்பிடித்ததில் இரண்டு சொல் அகப்பட்டன.

"லாரி… டாத்தாங்."

ஓடி, வந்து. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருந்தது. நான் எனக்குள் பெருமைப்பட்டுக்கொள்வதற்குள் போலீஸ்காரர் நிமிர்ந்துவிட்டார். தோளில் கிடந்த துப்பாக்கி கைக்கு வந்தது.

"லாரி டாரி மானா?" எங்கிருந்து தப்பி ஓடி வந்தாள்?

அந்தக் காலத்தில் தப்பி ஓடி வந்தவர் என்றால் காட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் அது தெரியும். வரிசை அப்படியே உறைந்துவிட்டது. துரை நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். அவரிடம் ஆங்கிலத்தில் ஒரு வரி, 'ஐயா, அது நான் விளையாட்டாக எழுதியது' என்று சொல்லியிருந்தால் போதும். எவ்வளவோ பெரிய கூச்சல்களை ஒரே வரியில் அடக்கியவன் நான். எனக்கு ஒரு சொல் வரவில்லை.

லெட்சுமி குழந்தையை இறக்கிக் கீழே விட்டாள்.

"துவான், சாயா தாக் லாரி," என்றாள் குமாஸ்தாவைப் பார்த்து. ஐயா, நான் ஓடவில்லை. "சாயா ஜாலான் காக்கி." நடந்து வந்தேன். புருஷன் அடித்தான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன், இங்கே என் சித்தி இருக்கிறார் என்று நிறுத்தாமல் சொன்னாள். கம்பத்து ஆட்களோடு, அதாவது மலாய்க் கிராமத்தாரோடு, பழகிப் பேசிய மலாய். அவ்வளவு சரளமான மலாயை அதுவரை எங்கள் ஆபீசுக்குள் யாரும் பேசி நான் கேட்டதில்லை. "இத்து நாமா சாயா புஞா புக்கான், துவான். இத்து கிராணி புஞா சூக்கா." அது என் பேர் இல்லை. அது கிராணியின் இஷ்டம்.

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"இடுப்புல புள்ளய வச்சிக்கிட்டு எப்படிய்யா ஓடுறது? நீங்க ஒரு தடவ ஓடிப் பாருங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெரட்டில் நான் தினமும் கேட்ட சிரிப்பு அல்ல இது. இப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது.

குமாஸ்தா பட்டியலை மேசையில் வைத்தார். "சியாப்பா துலிஸ்?" யார் எழுதியது?

நெஞ்சை நிமிர்த்தி 'நான்தான்' என்று ஒப்புக்கொண்டதாக இங்கே எழுத ஆசைதான். உண்மையில் நான் குனிந்து காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வரிசையில் நின்ற அத்தனை விரல்களும் என்னைக் காட்டின. குழந்தையின் விரல்கூட. அதன் பிறகுதான் "சாயா", நான், என்றேன்.

போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். என்னைப்போல ஒருவனால் நாட்டுக்கு ஆபத்து வராது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குமாஸ்தா 'ஓடிவந்தவள்' மீது ஒரு கோடு இழுத்தார். எழுதியவரே பக்கத்தில் கையெழுத்திட வேண்டும் என்றார். போட்டேன். நாலு வளைவும் இரண்டு சுழியும் உள்ள கையெழுத்து. வீட்டில் பல நாள் எழுதிப் பழகியது.

அடுத்தவர் முனுசாமி. "எனக்கும் அடிங்கய்யா. தழும்பு மூஞ்சில இருக்கு, போதாதா? கார்டுல வேற எதுக்கு?"

அடித்துக் கையெழுத்திட்டேன். அடுத்து அஞ்சலை. ஊருக்கே கேட்கும் குரல் அவருக்கு. மேசைக்குப் பக்கத்தில் வந்து, இதுவரை நான் கேட்டிராத மெல்லிய குரலில், "எனக்கும் வேணாம்யா" என்றார். அப்படியே தொடர்ந்தது. மத்தியானத்துக்குள் என் நாலு வளைவில் மூன்று போய்விட்டன. சுழிகள் இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு நெளிந்த கோடு மிஞ்சியது. இன்றுவரை வங்கியில் இருப்பது அந்தக் கையெழுத்துதான்.

மேசையை எடுக்கும்போது முனுசாமி சொன்னார்: "ஒங்களுக்கும் நாங்க ஒரு பேரு வச்சிருக்கோம், கிராணி ஐயா. கூப்புட்டா வந்தேன்னு சொல்வீங்களா?"

"என்ன பேரு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்துபோனார்கள்.

சாயங்காலம் அருளானந்தம் ஐயா என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார். அது வரலாற்றிலேயே முதல் முறை.

"எழுத்துல அழுக வரக்கூடாதுன்னு ஒனக்குச் சொன்னேன். சிரிப்பும் வரக்கூடாதுன்னு சொல்ல மறந்துட்டேன்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சவர பிளேடை எடுத்து வைத்தார். "எல்லாத்தையும் சொரண்டு."

"திருத்துனா தொரை கையெழுத்து போடணுமே, ஐயா."

"திருத்துனாத்தான் போடணும். கரையான் தின்னா யாரும் கையெழுத்து போட வேண்டியதில்ல."

நான் சுரண்டினேன். மை நன்றாக ஊறியிருந்தது. எழுதும்போது அவ்வளவு அழுத்தி அனுபவித்து எழுதியிருக்கிறேன். மெதுவாகச் சுரண்டினால் போகவில்லை, அழுத்திச் சுரண்டினால் தாள் போயிற்று. அடைப்புக்குறி இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஆபீஸ் ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் போவோர் வருவோர் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். இது என் மனம் திருந்திச் செய்த வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்து செய்தேன். மனம் திருந்துவதற்கு இன்னும் சில வருடங்கள் ஆயின.

ஆனாலும் பதினொரு லெட்சுமிகள் பதினொரு லெட்சுமிகள்தானே. அடையாளம் வேண்டும். என்ன எழுதட்டும் என்று பெரட்டில் முதல்முறையாகக் கேட்டேன். கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. அஞ்சலை, "நாலு பொண்ணு பெத்தவன்னு போடுங்க" என்றார். முனுசாமி கொஞ்சம் யோசித்து, "நான் ஆர்மோனியம் வாசிப்பேன், ஒங்களுக்குத் தெரியாதுல்ல?" என்றார். தெரியாது. இரண்டு வருடம் தினமும் பார்த்த முகத்தில் தழும்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. லெட்சுமி கடைசியாக வந்தாள்.

"எனக்கு ஒன்னும் வேணாம்யா. மத்த பத்து பேரும் ஏதாச்சும் வச்சிக்கிட்டாங்கல்ல? ஒன்னுமில்லாதவ நானு. போதும், தெரிஞ்சிரும்."

தெரிந்தது. அதன் பிறகு செக்ரோலில் வெறும் லெட்சுமி என்றால் அவள்தான். இன்னொரு வழக்கமும் அன்றோடு வந்தது. மனு எழுதச் சொல்லி வருபவர்கள், எழுதி முடித்ததும், "திரும்பப் படிச்சிக் காட்டுங்கய்யா" என்பார்கள். லெட்சுமி கூட வந்து மலாயிலும் ஒரு தடவை சொல்லச் சொல்வாள். அதற்காகவே நான் மலாய் படிக்க வேண்டியதாயிற்று. நீல முனைக்கு வேலை குறைந்தது. அருளானந்தம் ஐயா ஓய்வு பெற்றபோது அந்தப் பென்சிலில் சிவப்பு குட்டையாகவும் நீலம் நீளமாகவும் இருந்தது.

எனக்கு வைத்த பேர் என்னவென்று நான் தேடாத இடமில்லை. வெற்றிலை வாங்கிக் கொடுத்துக் கேட்டேன், கோவித்துக் கேட்டேன், பெடோங் மளிகைக் கடை நானாவிடம்கூட விசாரித்தேன். அவருக்கு எல்லாத் தோட்டத்துக் கதையும் தெரியும். "அது மட்டும் கேக்காதீங்க தம்பி," என்று உப்பைப் பொட்டலம் கட்டினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது! எனக்கு மட்டும் தெரியாது. அடைப்புக்குறிக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில் லெட்சுமி வந்திருந்தார். ஆமாம், 'வந்திருந்தார்'. அந்த ஒரு விகுதிக்கு எனக்கு இருபது வருடம் பிடித்தது. மகள் சுங்கைப் பட்டாணியில் நர்சாகி, காரில் கூட்டிவந்திருந்தாள். மாலை, பேச்சு எல்லாம் முடிந்தபின் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியது மன்னிப்பு. அந்த மூன்று நாளுக்கு, ஆயாக்கொட்டகைக்கு, மேசைக்கு முன்னால் செத்துப்போன என் நாக்குக்கு. கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கையில் தட்டிவிட்டு, "பசியாறுங்க மொதல்ல" என்று தட்டை நகர்த்தினார்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அதையும் கேட்டேன். "இப்பவாச்சும் சொல்லுங்க. எனக்கு என்ன பேரு வச்சிருந்தீங்க?"

"ஓட்டக் கிராணி. பிளேட வச்சிக்கிட்டுத் தாள ஓட்ட போட்டீங்கள்ல, அன்னைக்கி வச்சது. முப்பது வருசமா அதான்."

"அதுக்கு முன்னாடி? முனுசாமி சொன்னது அந்தப் பேரு இல்லியே. அது என்ன?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

"அதுவா," என்றார் லெட்சுமி. "அத நாங்களும் அன்னைக்கே சொரண்டிட்டோம், கிராணி. இனிமே யாரும் அதச் சொல்லமாட்டாங்க."

சுரண்டச் சொல்லி அவர்களுக்கு யாரும் பிளேடு கொடுக்கவில்லை. பயமுறுத்தவும் இல்லை. அவர்களாகச் செய்தது. எவ்வளவு கேவலமான பேராக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை.

நேற்று கவிதாவுக்குப் போன் செய்தேன். கட்டத்தை வெறுமையாக விடச் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்த உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. ஆகையால் அந்தப் பேரைச் சொன்னேன்.

"என்ன அங்கிள், வெளயாடுறீங்களா?"

"இல்லம்மா. போடு. போட்டுட்டு திரும்பப் படிச்சிக் காட்டு."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு பட்டியலில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரையும் சேர்த்து, தெளிவாகப் படித்தாள். மூன்றாவதாக, "ஓட்டைக் கிராணி," என்றாள்.

"வந்தேன்," என்றேன்.